ஓடுறதையும் பிரிக்கிற அக்கா

அந்த அக்கா வீட்டுக்குள் நுழையும்போது கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். போன வாரம் பீரோ நின்ற இடத்தில் இந்த வாரம் தையல் மெஷின் நிற்கும். தண்ணீர்ப் பானையைத் தேடினால் அது பின்கட்டுக்குக் குடிபோயிருக்கும். ஒரு தடவை நாற்காலி இருக்கிற நினைப்பில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தேன். அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டபடியே, "அங்கன கிடந்தா வெளிச்சத்தை மறைக்குட்டி, நேத்துத்தான் மாத்தினேன். இப்ப நல்லாருக்குல்லா?" என்றாள். நான் விழுந்தது அவளுக்கு இரண்டாம் பட்சம்தான்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர் ஒன்று மட்டும். அவள் கணவர் நூல்மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். நாங்கள் அவரை அண்ணன் என்போம்; அதிகம் பேசாத மனிதர். அக்கா வீட்டில் இருந்தபடியே ஊரிலுள்ள ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். அதற்கென்று அவளே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். மதுரையிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று என்று பாகம் பாகமாகக் கூரியரில் வந்து சேர்ந்த கம்ப்யூட்டர். அதன் பக்கவாட்டுத் தகடு மூடியிருந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. பிறகு மில்லை மூடிவிட்டார்கள். அவர்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. சாமான்களெல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, விடேன்" என்பார் அண்ணன். அவர் அவளிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"ஓடுதுன்னா நல்லாருக்குன்னு ஆயிருமா?" என்பாள் அவள். திருப்புளி அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

எங்கள் வீட்டு மிக்ஸி கொஞ்சம் இரையும். நாங்கள் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு மூன்று நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் சுவரைத் தாண்டியே வந்துவிட்டாள். "குடுங்க மைனி, ஒரு நிமிசம்" என்று அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போனவள் சாயங்காலம்தான் கொண்டுவந்தாள். சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. அம்மா சந்தோஷப்பட்டுத் தேங்காயைப் போட்டு அரைத்தாள். ஜார் கழன்று எகிறி, சட்னி சுவரெல்லாம் தெறித்தது. அம்மாவின் புருவத்தில்கூட ஒட்டியிருந்தது. அக்கா பதறவில்லை. "வேகம் கூடியிருக்கு, பாத்தீகளா?" என்றாள் பெருமையோடு. அதிலிருந்து, அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தால் அம்மா மிக்ஸியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள்.

ஒரு தடவை அவளுடைய அம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊர். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் நின்று நின்று குச்சியால் வழித்துக்கொண்டு வந்தேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவளுடையது ஆட்டுக்காரக் குடும்பம்.

"சின்னப் பிள்ளையில காலையில கண்ணு முழிச்சா எந்தக் காட்டுல படுத்திருக்கோம்னே தெரியாது" என்றாள். "இன்னைக்கு ஒருத்தர் புஞ்சையில எங்க அப்பா உரத்துக்கு ராத்திரி ஆட்டைக் கிடை மறிப்பாவ. நாளைக்கு இன்னொருத்தர் புஞ்சை. தினமும் ஒரே சுவரைப் பாத்து முழிச்சா எனக்கு மூச்சு முட்டும்ட்டி."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அண்ணனை நினைத்து லேசாகப் பயம் வந்தது.

அந்தப் பயம் இன்னொரு நாள் பெரிதாயிற்று. அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அக்கா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போர்வையைச் சரி செய்தாள், தலையணையைத் திருப்பிப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள், பிறகு மூடினாள். குளுக்கோஸ் பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி இது, இவ்வளவு மெதுவா விழுது?" என்று குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் நகர்த்திவிட்டாள். சொட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன. நான் கத்தியதைக் கேட்டு ஓடிவந்த நர்ஸ், அக்காவின் கையைத் தட்டிவிட்டு அதைப் பழையபடி வைத்தாள். "ஆளைக் கொல்லப் பாக்குதீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அழவில்லை. "சும்மா நிக்க முடியலட்டி" என்று மட்டும் சொன்னாள்.

என் தங்கச்சி நிக்காஹ் வந்தபோது இதெல்லாம் எங்கள் அம்மாவுக்கும் நினைவிருந்தது.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வெல்டர். என் நிக்காஹுக்கே அவரால் வர முடியவில்லை. பிறகு யாரோ ஊருக்குப் போய்த் திரும்பியவர் கையில் கொடுத்தனுப்பிய சிடியில்தான் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டுப் போனில் பேசும்போது, "உன் கல்யாணம் எனக்கு என்னைக்கோ நடந்த கல்யாணமாப் போச்சேம்மா" என்றார். இந்தத் தடவை எப்படியும் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் லீவு கிடைக்கவில்லை. அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா, அவருடைய இடத்தில் நின்று நடத்தி வைப்பதென்று முடிவாயிற்று.

அவர் இருக்கும் நாட்டில் செல்போனில் படத்தோடு கால் பேச முடியாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கால் வேண்டாம் மைனி. கேமராவுல பிடிச்சு என் கம்ப்யூட்டர் வழியா இன்டர்நெட்டுல நேரலையாப் போட்டுருதேன். அவிய அங்கன உக்காந்து டிவி பாக்க மாதிரிப் பாக்கட்டும். பந்தல்ல ரெண்டு கேமரா. வயரைச் சுவருக்கு மேல இழுத்துக்கிடலாம்."

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ சும்மா இருந்தா நடக்கும்" என்றாள்.

முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தா அங்கே தன் அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். "வாழமரம் தெரியுது. உங்க பெரியத்தா முதுகு தெரியுது. போதும்மா, இது போதும்" என்றார். குரல் உடைந்தது. அக்கா மட்டும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கேமராவிலிருந்து இன்னொரு கேமராவுக்கு மாற்றும்போது படம் ஒரு கணம் திக்கியது.

"அதுக்கென்னக்கா, ஓடுதுல்லா?" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் கூரியர்க்காரர் நின்றதைப் பார்த்தேன். கல்யாண அமளியில் மனசில் பதியவில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் எட்டயபுரத்திலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தது. கேமரா வயரைச் சரிபார்க்கலாமென்று அக்கா வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் தரையில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, பஞ்சு, பிளாஸ்டிக் உறை. அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டிப் பூவும் வைத்திருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அண்ணன் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா செய்யுத?"

"போன வாரமே சொல்லிவச்ச புதுக் கிராபிக்ஸ் கார்டு வந்துட்டு. மாட்டினேன். படம் திக்காம ஓடணும்லா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "ஆனா எந்திரிக்க மாட்டேங்குது."

சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். உள்ளே விசிறி சுற்றியது. பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. திரையில் ஏதோ வரப்போகிற மாதிரி ஒரு மினுக்கல். உடனே எல்லாம் அணைந்துவிட்டது.

"நேத்து ஓடுச்சேக்கா!" என்று கத்தினேன். "நேத்து நல்லாத்தானே ஓடுச்சு!"

"தெரியும்ட்டி."

"அதை ஏன் தொட்ட?"

அவள் புதுக் கார்டைப் பிடுங்கினாள். பழைய கார்டைத் திரும்ப மாட்டினாள். அவ்வளவுதான், இனி நேற்றைய கம்ப்யூட்டர்தானே என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது. புதுசுதான் கோளாறு என்றால் பழசைப் போட்டதும் ஓடியிருக்கவேண்டும். பழசும் ஓடவில்லையென்றால் வேறு எதுவோ போய்விட்டது. எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். தங்கச்சிக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார்கள். "அத்தாவுக்குப் படம் தெரியும்லா?" என்று அவள் கண்ணாடி வழியாகக் கேட்டாள். "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிவந்தேன். அக்கா ராம் என்கிற நினைவகத் துண்டுகளைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தாள். பிறகு மற்றொன்றை மட்டும். விசிறி சுற்றியது, நின்றது. வேறு பிளக்கில் செருகிப் பார்த்தாள். அண்ணன் எதிர்வீட்டிலிருந்து யுபிஎஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதிலும் அப்படியே. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவருக்குப் போன் போட்டாள். "மதர்போர்டு போயிருக்கும்க்கா, வேற மாத்தணும். இன்னைக்குக் கடை லீவு" என்றார் அவர். அக்கா போனைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். தலையில் வைத்திருந்த பூ அவிழ்ந்து தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். தரையில் பிரிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த மனுசன் விடியக்காலையிலேயே குளிச்சுப் புதுச் சட்டை போட்டு உக்காந்துருக்காராம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா அப்படியே நின்றாள். பிறகு, "அந்தச் சேலைப் பெட்டியை எடுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். அட்டைப்பெட்டி. அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். கம்ப்யூட்டர் கூட்டிலிருந்து எல்லாத் திருகாணிகளையும் கழற்றி, மதர்போர்டை முழுசாக வெளியே எடுத்து அந்த அட்டையின்மேல் கிடத்தினாள். கரண்டுப் பெட்டியையும் வெளியே எடுத்து அதன் வயரையும் திரை வயரையும் மட்டும் செருகினாள்; கூட்டோடு இருந்த வேறு ஒரு வயர்கூட அதில் மிச்சமில்லை. சுவிட்சு வயர் செருகுகிற இடத்தில் இரண்டு கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. திருப்புளி முனையால் இரண்டையும் சேர்த்து லேசாகத் தொட்டாள்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. இப்போது அணையும், இப்போது அணையும் என்று மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அணையவில்லை. திரையில் எழுத்து வந்தது. அண்ணன் டார்ச்சை அணைக்க மறந்து நின்றார்.

"பெட்டிக்குள்ள வச்சாச் சாவுது. வெளிய வச்சா உசுரோட இருக்கே" என்று முணுமுணுத்தாள் அக்கா. காலிக் கூட்டைத் தூக்கி முன்பக்கத்தைத் தடவினாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். முன்பக்கத் தகட்டைச் சுற்றி நீல விளக்குப் பட்டை ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. கார்டோடு சேர்த்து அதையும் வாங்கியிருக்கிறாள். கார்டை மாட்டியதோடு நிறுத்தாமல் அழகுக்கு அதையும் ஒட்டியிருக்கிறாள். பட்டையின் ஒரு முனை சுவிட்சுப் பொத்தானின் ஓரத்தில் ஏறி அதை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். கார்டும் சரியாக இருந்தது, போர்டும் சரியாக இருந்தது. ஒரு விரல் ஓயாமல் அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தப் பட்டையைப் பிய்த்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நாந்தான்ட்டி" என்றாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

திரும்பக் கூட்டுக்குள் மாட்ட நேரமில்லை. அட்டைப்பெட்டி மேலேயே எல்லா வயரையும் செருகினாள். மேஜை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கேமராப் படம் வந்தது. பந்தல், கம்பளம், நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத் உட்காரும் மெத்தை. நான் அத்தாவுக்குப் போன் பண்ணி, "வந்துட்டு அத்தா, பாருங்க. போனை வச்சிட்டுப் படத்தைப் பாருங்க" என்றேன். அவர் சரி சரியென்று அவசரமாக வைத்தார்.

பழைய கார்டுதான் மாட்டியிருந்தது. கேமரா மாறும்போது படம் நேற்றுப் போலவே திக்கியது. ஒவ்வொரு திக்கலுக்கும் அக்காவின் தோள் துள்ளியது. புதுக் கார்டு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. அக்கா நாற்காலியை மேஜையிலிருந்து பின்னால் தள்ளிப்போட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஹஜ்ரத் குத்பா உரையை ஓதி முடித்தார். பெரியத்தா குனிந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை கபூல் என்று சம்மதம் சொன்னது மைக்கில் கேட்டது. பந்தலில் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பேரீச்சம்பழத் தட்டுகள் கைமாறின. வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் சத்தம் கேட்டது. என் கையிலிருந்த போன் மட்டும் பேசாமல் இருந்தது.

"அக்கா, போனே வரல. அங்கன நின்னுட்டோ?"

"வரும்."

"எதுக்கும் ஒரு தடவை பாரேன்."

"பொறுட்டி." அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. "படம் அங்கன போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நமக்கு முடிஞ்சிட்டு. அவியளுக்கு இன்னும் நடக்கல."

நடுவில் ஒருமுறை படம் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படம் மறுபடி நகர்ந்தது.

போன் அடித்தது.

"சொல்லிட்டாரும்மா! மாப்பிள்ள இப்பத்தான் கபூல் சொல்லுதாரு!" அத்தாவுக்குப் பின்னால் அவரோடு தங்கியிருப்பவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எல்லாரும் தெரியுதாவ. ஆனா உன்னையக் காணமே. நீ எங்கன நிக்க?"

"நான் அக்கா வீட்டுல இருக்கேன் அத்தா, கம்ப்யூட்டர்கிட்ட."

அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "ஏட்டி, ஓடு" என்றாள். "கேமராவுக்கு முன்னால போய் நில்லு. இங்கன நான் இருக்கேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினேன். பந்தலுக்குள் ஆண்கள் கூட்டம். பெரியத்தா வழிவிடச் சொன்னார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவுக்கு நேரே நின்றேன். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. படம் அத்தாவுக்குப் போய்ச் சேரவேண்டும். நான் நகராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஆங்..." என்றார் அத்தா. "இப்பத் தெரியுத. இப்பத் தெரியுதம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். ஜன்னல் வழியாக அக்கா தெரிந்தாள். அவள் கைகள் இரண்டும் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.